வாங்குகிறவளை யாரும் கேட்கவில்லை

அனுப்புநர்:
திருமதி ஏஞ்சலம்மாள் சிங்கராயர், எம்.எஸ்சி.,
வேதியியல் விரிவுரையாளர் (ஓய்வு),
செம்பூர், மும்பை.
(பதில் இம்முகவரிக்கு வர வேண்டாம். பத்தி 16 காண்க.)

பெறுநர்:
உயர்திரு தலைவர் அவர்கள்,
உறுப்பு மாற்று ஒப்புதல் குழு,
சேட் ஹீர்ஜி லால்ஜி அறக்கட்டளை மருத்துவமனை,
மும்பை.

பொருள்: என் மருமகள் திருமதி ஜெஸி சுபின் (வயது 26) எனக்குச் சிறுநீரகம் வழங்குவதற்குத் தங்கள் குழு அளித்த ஒப்புதலைத் திரும்பப் பெறக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 30.10.2025 அன்று தங்கள் தலைமையில் நடைபெற்ற நேர்காணல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எனக்கு வயது 71. மாட்டுங்காவில் உள்ள ஒரு கல்லூரியில் ஓய்வு பெறும் வரை வேதியியல் கற்பித்தேன். 2016ஆம் ஆண்டு தங்கள் மருத்துவமனையில் எனக்குக் கல்லீரல் மாற்று அறுவை நடந்தது. கல்லீரல் நன்றாக இருக்கிறது. சிறுநீரகங்கள் இரண்டும் போய்விட்டன. அவற்றுக்கு ஈடாக என் இளைய மகனின் மனைவியுடைய சிறுநீரகம் ஒன்றை எனக்குப் பொருத்தத் தங்கள் குழு ஒப்புதல் அளித்து, அறுவைக்கு டிசம்பர் 9ஆம் தேதியும் குறிக்கப்பட்டுவிட்டது. அந்த ஒப்புதலை எதிர்த்து மனு செய்வது கொடுப்பவள் அல்ல, வாங்குபவளாகிய நான். இத்தகைய மனு தங்களுக்கு இதற்கு முன் வந்திருக்காது. ஆகவே பொறுமையாகப் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

2. இம்மனு தமிழில் இருப்பதற்கு இரண்டு காரணங்கள். முதலாவது, குறை தீர்க்கக் கோரும் மனுவை இந்நாட்டில் வழங்கும் எந்த மொழியிலும் எழுத அரசமைப்புச் சட்டத்தின் 350ஆம் பிரிவு இடம் தருகிறது. ஒரு மருத்துவமனைக் குழு அதற்குள் அடங்குமா என்று தங்கள் சட்ட ஆலோசகர் ஆராயக்கூடும், ஆராயட்டும். இரண்டாவது, இதைப் படிப்பதற்குத் தாங்கள் தமிழறிந்த ஒருவரை அழைத்தாக வேண்டும். சென்ற மாதம் ஜெஸியை விசாரித்தபோது அப்படி ஒருவரை அழைக்கத் தங்களுக்குத் தோன்றவில்லை. இப்போது அவர் வந்துவிட்டபடியால் படித்து முடித்ததும் அவரை அனுப்பிவிட வேண்டாம். மனுவின் முடிவில் அவருக்கு இன்னொரு வேலை இருக்கிறது.

3. என் கல்லீரல் கெட்டதற்கு மது காரணம் அன்று. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனெனில் தங்கள் மருத்துவர்கள் அன்று என் கணவர் சிங்கராயரைத் தனியே அழைத்து அதைத்தான் விசாரித்தார்கள். 1989இல் என் இளைய மகன் சுபின் பிறந்தபோது எனக்கு மிகுந்த இரத்தப்போக்கு ஏற்பட்டது. அப்போது ஏற்றிய இரத்தத்தில் ஹெபடைடிஸ் சி கிருமி இருந்தது. அந்நாளில் அதைச் சோதிக்கும் வழக்கம் இல்லை. இரத்தம் தந்தவர் நல்லெண்ணத்துடன்தான் தந்திருப்பார். பெற்றுக்கொண்ட நான் கால் நூற்றாண்டு கழித்து மஞ்சளானேன். கொடுப்பவரின் நல்லெண்ணம் கொடையின் விளைவைத் தீர்மானிப்பதில்லை என்ற பாடத்தை அப்போதே கற்றேன்.

4. என் மூத்த மகன் ரெனால்ட் தன் கல்லீரலின் ஒரு பகுதியைத் தந்தான். அப்போது அவனுக்கு மணமாகவில்லை. அவன் தேறி எழுந்த பிறகு எங்கள் பங்குக் கோயிலில் ஞாயிறு திருப்பலியின் முடிவில் அவனைப் பீடத்தருகே அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். என் கணவர் தம் நேர்ச்சையை நிறைவேற்ற பாந்த்ரா மலை மாதா திருவிழாவுக்குச் சென்றார். அங்கே நோயுற்ற உறுப்பை மெழுகில் வாங்கிக் காணிக்கை வைப்பது வழக்கம். கை, கால், கண், குழந்தை, வீடு எல்லாம் கடையில் இருந்தன; கல்லீரல் இல்லை. கடைக்காரர் ஒரு முழு மனித உருவத்தை எடுத்துக் கொடுத்து, 'இதுக்குள்ள எல்லாம் இருக்கு அங்கிள்' என்றாராம். தங்கள் மருத்துவமனையில் ஒன்பது ஆண்டுகளில் எவருக்கும் தோன்றாத கருத்து அது.

5. இனி என் சிறுநீரகங்கள் எப்படிக் கெட்டன என்பதைச் சொல்ல வேண்டும். நான் பழி கூறுவதற்காகச் சொல்லவில்லை. அவை கெட்டதற்கான காரணங்கள் அனைத்தும் இன்னும் என் உடம்பிலேயே இருக்கின்றன. அடுத்து வரும் சிறுநீரகம் அவற்றின் நடுவேதான் குடியேற வேண்டும். இது கொடுப்பவளுக்குச் சொல்லப்படவில்லை.

அறுவைக்கு முன்பே என் சிறுநீரகங்கள் நலமாக இல்லை. இரத்தத்தில் உள்ள கிரியேட்டினின் அளவு இயல்பாக இருப்பதாக அறிக்கை கூறியது. கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. நான் அப்போது எலும்பும் தோலும் நீர் கோத்த வயிறுமாக இருந்தேன். தசையே கரைந்துபோனவளிடம் அந்த எண் குறைவாகத்தான் இருக்கும். அதைக் கொண்டு சிறுநீரகம் நலம் என்று முடிவு செய்வது, காலிச் சட்டியில் புகை வரவில்லை, ஆகவே சமையல் கருகவில்லை என்று சொல்வதற்கு ஒப்பாகும். என் மாணவி எவளேனும் இப்படி எழுதியிருந்தால் மதிப்பெண் கொடுத்திருக்க மாட்டேன்.

அறுவையின்போது இரத்த அழுத்தம் வெகுவாக இறங்கியது. பின்னர் சில நாட்கள் சிறுநீர் சரியாகப் பிரியவில்லை. அது திரும்பியதும் எல்லோரும் மகிழ்ந்தார்கள். ஆனால் ஒருமுறை அடிபட்ட சிறுநீரகம் அதை மறப்பதில்லை.

புதிய கல்லீரலை உடம்பு நிராகரிக்காமல் இருக்க டாக்ரோலிமஸ் என்ற மாத்திரை வாழ்நாள் முழுதும் வேண்டும். அது கல்லீரலைக் காக்கும். சிறுநீரகத்துக்கு இரத்தம் கொண்டு செல்லும் நுண்குழாய்களை இறுக்கும். கையையும் நடுங்கச் செய்யும். அதைப் பற்றிப் பிறகு. மூன்றாம் ஆண்டில் இதன் அளவைக் குறைத்து வேறொரு மருந்தைச் சேர்க்கலாமா என்று ஆறாம் மாடியில் உள்ள கல்லீரல் பிரிவில் கேட்டேன். 'லிவர் ஃபர்ஸ்ட் கிளாஸா இருக்கு மேடம், எதுக்கு டிஸ்டர்ப் பண்ணணும்?' என்றார் இளம் மருத்துவர். தமிழ்ப் பிள்ளைதான். கேட்கவும் இதமாகத்தான் இருந்தது.

உடன் தரப்பட்ட ஸ்டீராய்டு மாத்திரைகளால் சர்க்கரை வந்தது. சர்க்கரையுடன் இரத்த அழுத்தமும் வந்தது. இவ்விரண்டுக்கும் கல்லீரல் பிரிவு பொறுப்பன்று என்று கூறி, அக்கம்பக்க மருத்துவரிடம் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள்.

என் முழங்கால் வலிக்குத் தங்கள் தரைத்தளத்தில் உள்ள எலும்புப் பிரிவில் வலி மாத்திரை எழுதித் தந்தார்கள். கல்லீரல் மாற்றப்பட்டதை நானே சொன்னேன். மருத்துவர் கணினியைப் பார்த்தார். கல்லீரல் அறிக்கை சீராக இருந்ததால் எழுதினார். சிறுநீரகத்துக்கு அம்மாத்திரை நஞ்சு என்பது அவருக்குத் தெரியாமல் இராது. என்னிடம் சிறுநீரகம் இருப்பதுதான் அவருக்குத் தோன்றவில்லை. ஆறாம் மாடியில் கொடுத்ததைத் தரைத்தளத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொண்டார்கள்.

6. இவற்றோடு எங்கள் வீட்டுப் பங்கும் உண்டு. என் கணவர், மனைவிக்குப் பழம் நல்லது என்று யாரோ சொல்ல, பருவம் வந்தபோதெல்லாம் கிங்ஸ் சர்க்கிள் சந்தையிலிருந்து பம்பளிமாசு வாங்கி வந்து சுளை சுளையாக உரித்துத் தட்டில் வைத்தார். அப்பழத்தில் உள்ள ஒரு பொருள் டாக்ரோலிமஸ் குடலில் சிதைவதைத் தடுக்கும். இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறும். அப்பருவங்களில் என் இரத்தத்தில் மருந்து இருமடங்காக இருந்ததை இப்போது பழைய அறிக்கைகளைப் பார்க்கும்போது காண்கிறேன். அப்போது மாத்திரையைச் சில நாட்கள் நிறுத்தச் சொன்னார்கள். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. இதை நான் இன்னும் என் கணவரிடம் சொல்லவில்லை. அவர் அந்தத் தட்டோடு நின்ற நிற்பு நினைவில் இருக்கிறது. சொல்வதால் சிறுநீரகம் திரும்பப் போவதும் இல்லை.

7. எங்கள் தெருவிலும் பங்கிலும் தாராவியில் உள்ள என் கணவரின் உறவினரிடத்திலும் இத்தனை ஆண்டுகளாக என்னைக் காணும் எவரும் கேட்பது ஒரே கேள்வி: 'ஈரல் எப்படி இருக்கு?' புதிதாக வந்த மாப்பிள்ளையை விசாரிப்பது போல விசாரிப்பார்கள். தங்கள் மருத்துவமனையும் அவ்வாறே விசாரித்தது. கால்கள் வீங்கி, சோறு குமட்டத் தொடங்கிய பிறகே முதல் முறையாகச் சிறுநீரக மருத்துவர் ஒருவரிடம் அனுப்பப்பட்டேன். அவர் என் பழைய அறிக்கைகளைப் புரட்டிவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார். அந்த மௌனத்துக்கு நன்றி கூறுகிறேன். இம்மருத்துவமனையில் எனக்குக் கிடைத்த முதல் நேர்மையான கருத்து அது.

8. சென்ற மார்ச் முதல் சயானில் உள்ள ஒரு மையத்தில் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொள்கிறேன். பிறகு என் குடும்பத்தினர் கணக்குப் போடத் தொடங்கினார்கள். கணவருக்கு இன்சுலின், ஆகாது. ரெனால்ட் ஏற்கெனவே கொடுத்துவிட்டான். சுபினைத் தங்கள் மருத்துவர்கள் சோதித்து, அவனுக்கே இரத்த அழுத்தமும் சிறுநீரில் புரதமும் இருப்பதாகக் கூறித் தள்ளிவிட்டார்கள். ரெனால்டின் மனைவி ஸ்மிதா புணே நகரத்துப் பெண். மராத்தியில் 'எனக்கு இஷ்டமில்லை' என்று சொல்லிவிட்டாள். இந்த ஓராண்டில் எங்கள் குடும்பத்தில் சொல்லப்பட்ட ஒரே நேரான வாக்கியம் அதுதான். அதற்காக அவளுடன் என் கணவர் பேசுவதில்லை; நான் பேசுகிறேன். மிஞ்சியவள் ஜெஸி.

9. ஜெஸியைப் பற்றித் தங்கள் கோப்பில் இரத்தப் பிரிவும் எடையும் இருக்கும். மற்றதை நான் கூறுகிறேன். திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடிக் கடற்கரை ஊரில் பிறந்தவள், பி.காம். படித்தவள்; மணமாகி இங்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அவள் அறிந்த இந்தி, காய்கறிக் கடைக்கும் ரயிலுக்கும் போதுமானது. அதிகம் பேசமாட்டாள். ஆனால் லோக்கல் ரயிலில் அடுத்த நிலையத்தை அறிவிக்கும் பெண் குரலை அச்சாக அப்படியே பேசிக் காட்டுவாள். நான் குளியலறையிலிருந்து அடுக்களைக்கு மெல்ல நடந்து வரும்போது, 'அக்லா ஸ்டேஷன், ரசோயி' என்று அடுத்த நிலையம் அடுக்களை என்பதை அறிவிப்பாள். சிரிப்பை விட்டு ஓய்வு பெற்றிருந்த நான் அதற்குச் சிரித்திருக்கிறேன். செப்டம்பர் மாதத்திலிருந்து அந்தக் குரல் எங்கள் வீட்டில் கேட்கவில்லை. அதன் காரணம் பின்வருமாறு.

10. எங்கள் பகுதிக் கத்தோலிக்கக் குடும்பங்கள் வாரந்தோறும் ஒருவர் வீட்டில் கூடிச் செபிக்கும். இதை அன்பியக் கூட்டம் என்போம். செப்டம்பரில் எங்கள் வீட்டு முறை வந்தது. ஒவ்வொருவரும் தம் மனதில் உள்ளதை வாய்விட்டு மன்றாடும் நேரத்தில் என் கணவர் எழுந்து நின்று, 'எங்க மருமக ஜெஸி, அவ அத்தைக்கு மனசார கிட்னி தரப் போறா. அந்தப் பிள்ளைய ஆசீர்வதியும் ஆண்டவரே' என்றார். கூடியிருந்தோர் அனைவரும், 'ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்' என்று மறுமொழி கூறினர். அவ்வேளையில் ஜெஸி அடுக்களை வாசலில் தேநீர்த் தட்டுடன் நின்றுகொண்டிருந்தாள். அதுவரை இதைப் பற்றி அவளிடம் எவரும் ஒரு வார்த்தையும் கேட்டிருக்கவில்லை. தான் கொடுக்கப் போவதைச் செபத்தின் மூலம் அறிந்துகொண்டாள்.

என் கணவர் பொய் சொன்னார் என்று கூற மாட்டேன். ஆசைப்பட்டதை நடந்ததாகச் சொன்னார். செபத்தில் அது வழக்கம். ஆனால் முப்பது பேர் 'கேட்டருளும்' என்று சொன்ன பிறகு, ஒரு மருமகள் எந்த வாயால் இல்லை என்பாள்? பெண்கள் ஒவ்வொருவராக வந்து அவள் தலையில் கைவைத்து ஆசி கூறினார்கள். ஒருவர் தம் தோளில் இருந்த சால்வையை எடுத்து அவளுக்குப் போர்த்தினார். அவள் கையில் தட்டு அப்படியே இருந்தது. பின்னர் எல்லோருக்கும் தேநீர் கொடுத்தாள்.

11. 30.10.2025 அன்று தங்கள் குழுவின் முன் நடந்ததைத் தாங்கள் அறிவீர்கள். அதன் ஒரு பாதியை மட்டுமே அறிவீர்கள். ஜெஸியை இந்தியில் விசாரித்தீர்கள். அவள் தடுமாறியதும் அருகில் இருந்த அவள் கணவன் சுபினையே மொழிபெயர்க்கச் சொன்னீர்கள். யாரேனும் வற்புறுத்துகிறார்களா என்ற கேள்வியை அவன் தமிழில் கேட்டது இப்படி: 'மம்மிக்குக் குடுக்க உனக்கு ஓகேதானே, ஜெஸி?' அவள் கூறிய பதில் இது: 'அத்தைக்கு வேணும்னா குடுத்துத்தான ஆவணும்.' அதைச் சுபின் இந்தியில் மொழிபெயர்த்தான்: 'குஷி சே தே ரஹீ ஹை, ஸர்.' மகிழ்ச்சியுடன் தருகிறாளாம். ஒளிப்பதிவு தங்களிடம் இருக்கிறது. தங்களுடன் இருக்கும் தமிழறிந்தவர் இப்போதே அதைக் கேட்டு உறுதிப்படுத்தலாம்.

நான் அங்கேயே சக்கர நாற்காலியில் இருந்தேன். இரு மொழிகளும் எனக்குத் தெரியும். மறுக்க வாய் திறந்தேன். தாங்கள் மிகுந்த கனிவுடன், 'ஆப் ஆராம் கீஜியே, மாதாஜி' என்று ஓய்வெடுக்கச் சொன்னீர்கள். சமூகப் பணியாளர் என்னை வெளியே தள்ளிச் சென்றார். என்னிடம் கேட்கப்பட்டது ஒரே கேள்வி: இவர் யார்? 'மருமகள்' என்றேன். அதுவும் பதிவாகியிருக்கும். கொடுப்பவர் மனமுவந்து கொடுக்கிறாரா என்று கேட்பதற்கு ஒரு குழு இருக்கிறது, ஒளிப்பதிவுக் கருவி இருக்கிறது, சட்டம் இருக்கிறது. வாங்குபவர் மனமுவந்து வாங்குகிறாரா என்று கேட்க ஒரு நாற்காலிகூட இல்லை.

12. சுபின் கெட்டவன் அல்லன். தாயைக் காப்பாற்ற ஓடும் மகன் வழியில் மனைவி நிற்பதைப் பார்க்கத் தவறுவது நம் நாட்டில் குற்றமாகக் கருதப்படுவதில்லை, நற்குணமாகக் கருதப்படுகிறது. ஆகவே அவன் மீது நடவடிக்கை எதுவும் கோரவில்லை.

13. நான் நேரடியாக மறுத்துவிட்டால் போதாதா என்று தாங்கள் கேட்கலாம். மறுத்தேன். என் கணவர் சாப்பிட மறுத்தார். இன்சுலின் போட்டுக்கொள்பவர் பட்டினி இருப்பது வேண்டுகோள் அன்று, மிரட்டல். மூன்றாம் வேளையில் நான் வாயை மூடிக்கொண்டேன். அன்றியும், என் மறுப்பு என்னோடு நிற்காது. ஜெஸிதான் என் மனத்தைக் கெடுத்துவிட்டாள் என்பார்கள். நான் இறந்த பிறகும், ஒவ்வோர் ஆண்டு நினைவுத் திருப்பலியிலும், கொடுக்காமல் தப்பித்த மருமகள் என்று அவளைத்தான் பார்ப்பார்கள். என் சாவை அவள் தலையில் கட்ட எனக்கு உரிமை இல்லை. ஆனால் தங்கள் குழு மறுத்தால் பழி அதிகாரிகளைச் சேரும். அதிகாரிகளுக்கு அது பழக்கமானது, எளிதில் தாங்குவார்கள்.

14. நான் தியாகம் செய்வதாகத் தாங்கள் எண்ண வேண்டாம். எனக்குச் சாவதில் ஆர்வம் இல்லை. மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தால் டயாலிசிஸில் இருப்பதைவிட நீண்ட நாள் இருக்கலாம் என்று தங்கள் மருத்துவர் கூறியதை நான் மறுக்கவில்லை. மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புக்காகக் காத்திருப்போர் வரிசையில் என் பெயரும் இருக்கிறது. என் முறை வருவதற்குள் நான் போய்விடலாம். வரிசை என்றால் அப்படித்தான். ஆனால் 71 வயதில், சர்க்கரையும் அழுத்தமும் குறையாமல், அதே டாக்ரோலிமஸை விழுங்கிக்கொண்டு இருக்கும் உடம்பில் 26 வயதுப் பெண்ணின் சிறுநீரகத்தை வைப்பது, கசியும் தொட்டியில் மழைநீரைச் சேமிப்பது போன்றது. அந்தப் பெண் இன்னும் பிள்ளை பெறவில்லை. ஒரு சிறுநீரகத்துடன் கருவுறுபவளுக்கு இரத்த அழுத்தக் கோளாறு வரும் வாய்ப்பு சற்றே கூடுதல். இது அவளுக்குச் சொல்லப்பட்டதா என்று அவளிடமே கேட்டேன். ஒரு கிட்னி போதும், எல்லா வேலையும் செய்யலாம் என்று சொன்னதாகக் கூறினாள். அது உண்மைதான். முழு உண்மை அன்று.

15. ஆகவே நான் வேண்டுவது:

(அ) உறுப்பைப் பெற எனக்குச் சம்மதம் இல்லை என்பதைக் கோப்பில் பதிவு செய்ய வேண்டும். இம்மனுவையே அதற்குச் சான்றாகக் கொள்ளலாம்.

(ஆ) டிசம்பர் 9க்கு முன், ஜெஸியைத் தனியே அழைத்து, இம்மனுவைத் தங்களுக்குப் படித்துக் காட்டுபவரைக் கொண்டே தமிழில் விசாரிக்க வேண்டும். கணவன், மாமனார், பங்கு மக்கள், எவரும் அறையிலோ வாசலிலோ இருக்கக் கூடாது. என் சிறுநீரகங்கள் கெட்ட காரணங்களை, பத்தி 5, 6 ஆகியவற்றில் உள்ளபடி, அவளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். பின்னர் கேட்க வேண்டும்.

(இ) அவள் வேண்டாம் என்று கூறினால், அதை எங்கள் குடும்பத்தாரிடம் சொல்லக் கூடாது. 'மருத்துவக் காரணங்களால் இவருடைய சிறுநீரகம் பொருந்தாது' என்று மட்டும் எழுதித் தர வேண்டும். இது பொய் என்பது எனக்குத் தெரியும். ஒன்பது ஆண்டுகளாக எல்லாம் நலம் என்று எனக்கு எழுதித் தந்த மருத்துவமனைக்கு இன்னும் ஒரு வரி சிரமமாக இருக்காது. இந்த முறையேனும் அதனால் ஒருவர் பயன்பெறுவார்.

(ஈ) அவள் தருகிறேன் என்று கூறினாலும் (அ) பிரிவு செல்லும். அப்போதும் அதே வரியை எழுதித் தரவும்.

(உ) கல்லீரல் மாற்றப்பட்டு வருவோரைச் சிறுநீரக மருத்துவர் ஒருவரும் ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்க்க ஏற்பாடு செய்ய வேண்டும். இது எனக்காக அன்று. ஆறாம் மாடி வரிசையில் எனக்குப் பின்னால் இருந்த பெண் ஒருத்தி, தரைத்தளத்தில் முழங்காலைக் காட்டப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

16. பதிலை என் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். இணைப்பில் உள்ள, சயான் டயாலிசிஸ் மையத்தின் முகவரிக்கு என் பெயரிட்டு அனுப்பவும். திங்கள், புதன், வெள்ளி நண்பகல் வரை நான் அங்கே இருப்பேன்; எழுந்து ஓட இயலாத நிலையில். சுபினுக்கும் ரெனால்டுக்கும் தமிழ் படிக்க வராது. என் கணவருக்குச் சர்க்கரையால் பார்வை போய்விட்டது. ஆகவே எங்கள் வீட்டில் இம்மனுவைப் படிக்கக்கூடியவர்கள் இருவரே: நானும் ஜெஸியும்.

17. இறுதியாக ஓர் உண்மையைத் தெரிவிக்கக் கடமைப்பட்டுள்ளேன். டாக்ரோலிமஸால் என் கை நடுங்குகிறது. ஒரு வரிக்கு மேல் எழுத இயலாது. இம்மனுவை நான் சொல்லச் சொல்ல எழுதியவர் ஜெஸியே. டயாலிசிஸ் மையத்தில், என் படுக்கையின் அருகே, முழங்காலில் ஓர் அட்டையை வைத்துக்கொண்டு இரண்டு அமர்வுகளில் எழுதினாள். பத்தி 10ஐச் சொன்னபோது எழுதுவதை நிறுத்திவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். பத்தி 11ஐச் சொன்னபோது, 'நான் அப்பிடியா அத்த சொன்னேன்?' என்று கேட்டாள். ஆம் என்றேன். எழுதினாள். பத்தி 14ஐ எழுதி முடித்து, தலையைத் தூக்காமலே, 'நான் குடுக்கலன்னா நீங்க எத்தன நாளு இருப்பிய அத்த?' என்று கேட்டாள். 'அது டாக்டரைக் கேட்க வேண்டிய கேள்வி, எழுது' என்றேன். 'டாக்டர் சொல்லுததையும் எனக்குத் தமிழ்ல சொல்லச் சொல்லுங்க' என்றாள். அதையும் என் வேண்டுகோளாகச் சேர்த்துக்கொள்ளவும்.

எனவே இம்மனுவின் கையெழுத்தைக் கண்டு இது அவள் விருப்பம் என்று முடிவு செய்துவிட வேண்டாம். மாமனார் செபித்தபோது நின்றாள். கணவன் மொழிபெயர்த்தபோது தலையசைத்தாள். மாமியார் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். நானும் அவளைக் கேட்கவில்லை. எழுதச் சொன்னேன், அவ்வளவே. ஆகவே பிரிவு (ஆ)வில் வெளியே இருக்க வேண்டியவர்கள் பட்டியலில் முதலில் என் பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வாசலிலும் வேண்டாம். கீழ்த்தளத்தில் எங்கேனும் என் நாற்காலியை நிறுத்தி வையுங்கள். காத்திருப்பது எனக்குப் பழகிவிட்டது.

டிசம்பர் 9க்கு முன் ஒரு வரி பதிலேனும் வரும் என்று எதிர்பார்த்து,

தங்கள் உண்மையுள்ள,

ஏஞ்சலம்மாள் சிங்கராயர்
(கையொப்பம் மட்டும் என் கையால்.)

இடம்: சயான், மும்பை
நாள்: 24.11.2025

எழுதியவர்: ஜெஸி சுபின்

இணைப்பு: டயாலிசிஸ் மையத்தின் முகவரி, 2016 முதல் 2025 வரையிலான கிரியேட்டினின் அறிக்கைகளின் நகல்கள், தேதி வரிசைப்படி.